இஞ்ஞாசி கர்டோசாவின் இடது கை

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய கிட்டங்கி உண்டு. ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய இடம். பிற்பாடு அதில் மனிதர்கள் கட்டிப் புரள ஆரம்பித்தார்கள்.

அவர்கள் பழகியது ஜுஜிட்சு. பிரேசில் நாட்டு மல்யுத்தம். மெலிந்தவன் தரையில் மல்லாந்து கிடந்தபடியே தடியனை மடக்கிப் போடுகிற வித்தை. ஊருக்கு அதைக் கொண்டுவந்தவர் இஞ்ஞாசி கர்டோசா. கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தவர். கப்பல் பழுதாகி பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது, கரையில் ஒரு வீட்டு முன்னறையில் அப்பனும் பிள்ளைகளும் உருண்டுகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த வீட்டுக்காரர்களும் கர்டோசாதான். உன் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னார். உள்ளே விட்டுவிட்டார்கள்.

"நம்ம முப்பாட்டன் எவனோ போர்த்துக்கீசியன்ட்ட வாங்கிப்போட்ட பேரு, அங்க போயி கதவைத் தொறந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பாராம்.

மனிதர் எதைக் கண்டாலும் விடமாட்டார். கப்பலில் சமையல் பார்த்த பர்மாக்காரனிடம் ஒரு கழுத்துப் பிடி வாங்கிக்கொண்டார். கொல்லத்தில் மூட்டை தூக்கிய ஒருவனிடம் இடுப்பில் ஏற்றிப் போடுகிற விதத்தைக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு அவை எல்லாமே 'கர்டோசா பிடி' என்று ஆகிவிட்டன. பர்மாக்காரனும் கொல்லத்துக்காரனும் எந்தக் கணக்கிலும் இல்லை.

மூத்த மகன் லாசர் ஆசான் ஆனார். கிட்டங்கிக்கு 'வீடு' என்று பெயர் விழுந்தது. வீட்டுக்குச் சட்டமும் வந்தது. எதிராளியின் காலைப் பிடித்து முறுக்கக் கூடாது, அது கீழ்த்தரம். வேறு எவன் பழகுகிற பாயையும் மிதிக்கக் கூடாது, அது துரோகம். மிதித்தவனுக்குக் 'கரைமாறி' என்று பெயர். அவன் பெல்ட்டை அவிழ்த்து வாங்கி வாசல் உத்தரத்தில் கட்டிவிடுவார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதற்குக் கீழேதான் நுழைய வேண்டும்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. அதை யாரும் சட்டம் என்று சொல்வதில்லை. பிடியில் மாட்டியவன் கையால் தட்டினால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். பாயில் தட்டினாலும் சரி, உன் உடம்பில் தட்டினாலும் சரி. ஏன் என்று கேட்கக் கூடாது. நிஜமாகத்தான் தட்டினானா என்று யோசிக்கக் கூடாது. முதல் நாள் வருகிறவனுக்கு, செருப்பை எங்கே கழற்றுவது என்று சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்வார்கள்.

உத்தரத்தில் ஒரே ஒரு பெல்ட் தொங்கியது. உப்புக் காற்றில் நிறம் போய், கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. அது லாசரின் சொந்தத் தம்பி ஜெரோமுடையது.

புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கேட்பார்கள். கதையைச் சொல்வது கஸ்பாரின் வேலை. கஸ்பார் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். மகளைக் கட்டிக்கொடுத்து மாமனார் ஆன பிறகும் பாயை விடாதவன். ஆசானைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் இளையவன். ஜெரோம் போன பிறகு வந்து சேர்ந்தவன் என்றாலும் கண்ணால் பார்த்தவன் போலவே சொல்வான்.

ஜெரோம் கொச்சிக்குப் போய் ஒரு ரஷ்யக் கப்பல்காரனிடம் காலைப் பிடிக்கிற வித்தையைக் கற்றுவந்தார். வீட்டுப் பாயிலேயே அதைச் செய்து காட்டினார். அன்று சாயங்காலமே ஆசான் அவரை வெளியே அனுப்பிவிட்டார். தம்பி என்றும் பார்க்கவில்லை. அப்போது பெரியவர் இஞ்ஞாசி பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. ஆசான் அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவரை இறுகக் கட்டிக்கொண்டு, "வீட்டைக் காப்பாத்திட்டேன்ப்பா" என்று நடந்ததைச் சொன்னார். பெரியவரால் என்ன சொல்ல முடியும்? அசைகிற இடது கையால் மகன் முதுகில் தட்டித் தட்டி ஆசீர்வாதம் செய்தார். தூங்கிப்போகிற வரைக்கும் தட்டினார்.

இந்த இடம் வரும்போது கஸ்பாருக்கே கண் கலங்கும். கேட்கிறவர்களும் அதற்குப் பிறகு காலைப் பிடிப்பதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கஸ்பார்தான் ஒரு நாள் நாகர்கோவிலில் மாட்டிக்கொண்டான்.

கொச்சிக்கு லோடு ஏற்றிப் போகும்போது டயர் வெடித்தது. டயர் கடையில் நின்றுகொண்டிருந்தான். மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. ஆள் விழுகிற சத்தம், அதுவும் விழத் தெரிந்த ஆள். கால் தானாக மாடிப்படி ஏறியது. அங்கே ஆசான் ஜாடையில் ஒருவர், ஆசானிடம் அவன் பார்த்தே இராத சிரிப்போடு, ஒரு காலேஜ் பெண்ணுக்குக் காலை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

யார் என்று கஸ்பாருக்கு உடனே தெரிந்துவிட்டது. இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

அதிலிருந்து கொச்சி லோடு எது வந்தாலும் கஸ்பார் முதல் ஆளாகக் கேட்டு வாங்கி, வழியில் அந்த மாடியில் ஏறிப் பழகினான். வேறு பாய் மிதிக்க மாட்டேன் என்று ஜெரோம் அவனிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. 'உங்க வீட்டுல இதை எப்படிப் பிடிப்பிய, காட்டுங்க' என்று கேட்டு, மாணவர்களையும் பார்க்கச் சொல்வார். அண்ணனைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இன்னமும் பாயை அவரேதான் தொடைக்காரா?"

"ஆமா. யாரையும் தொட விடமாட்டாரு."

"அந்தக் காலத்துலயும் அப்படித்தான். நான் தொடைச்சா ஓரம் விட்டுப்போகும்னு வைவாரு" என்றார் ஜெரோம்.

இந்த வருஷம் மழை தொடங்கும்போது ஜெரோம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கஸ்பாரும் ஒருவன்.

சில வாரம் கழித்து லாசர் ஆசான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை உனக்குக் கறுப்பு பெல்ட்டு."

எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனால் ஒரு சத்தியம் குறுக்கே நின்றது. கறுப்பு பெல்ட் வாங்குகிறவன் பெரியவர் படத்தின் மேல் கை வைத்து, வேறு பாய் மிதித்ததில்லை, மிதிக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் பெல்ட் இடுப்பில். நிஜத்தைச் சொன்னால் உத்தரத்தில். அந்த வீட்டை விட்டால் அவனுக்கு லாரியும் சாலையும்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேரே கிட்டங்கிக்கு வந்தான். ஆசான் மண்டியிட்டு ஈரத்துணியால் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னல, இப்பவே வந்துட்ட? பத்து மணிக்குல்லா."

"ஆசானே, எனக்குப் பெல்ட்டு வேண்டாம்."

"ஏன், சுத்தளவு பத்தாதா? உன் வயித்தைப் பாத்துப் பெரிசாத்தானே எடுத்தேன்."

"என்னால சத்தியம் பண்ண முடியாது. வேற பாய் மிதிச்சுட்டேன்."

ஆசான் துணியைப் பிழிந்தார். "எங்க?"

"நாகர்கோவில்ல. டயர் கடை மாடில."

சொல்லிவிட்டுக் கஸ்பார் காத்திருந்தான். கத்துவார் என்று நினைத்தான். அவர் அடுத்த பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"பெட்டி தூக்கினவங்கள்ல நீ முன்னால, வலப்பக்கம். கல்லறை வாசல்ல உனக்குக் கால் இடறிச்சு. நல்லவேளை, பின்னால இருந்தவன் தாங்கிக்கிட்டான்."

கஸ்பார் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க வந்திருந்தியளா? எங்க நின்னிய?"

"எதுத்தாப்புல பழக்கடையில. ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கினேன். சும்மா நிக்க முடியலல்லா."

"உள்ள வந்திருக்கலாமே ஆசானே."

ஆசான் பாயின் ஓரத்தில் துணியை அழுத்தித் தேய்த்தார். அழுக்கு ஒன்றும் அங்கே இல்லை. கஸ்பாருக்குக் கோபம் வந்தது. சாலையைத் தாண்டினால் தம்பியின் முகம். வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர்.

"அப்பவே என்னைய வெளிய அனுப்பியிருக்கலாம்லா. எதுக்குப் பெல்ட்டு தாரேன்னிய?"

"நீயா வந்து சொல்லுதியான்னு பாத்தேன்."

"சொல்லாம சத்தியம் பண்ணியிருந்தா?"

"கேட்டுக்கிட்டு நின்னிருப்பேன். வேற என்ன செய்ய? உண்மையை முழுங்குதது எனக்கும் பழக்கம்தான்."

இனி என்ன ஒளிவு மறைவு என்று கஸ்பாருக்குத் தோன்றியது. மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டான்.

"ஜெரோம் அண்ணன் ஒண்ணு சொன்னாரு. காலைப் பிடிக்கக் கூடாதுன்னு பெரியவர் சொன்னது, நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளா இருக்கும்போதாம். எலும்பு முத்தட்டும், அப்புறம் சொல்லித்தாரேன்னாராம். நீங்க முத்தி வாரதுக்குள்ள அவரு திரும்பக் கப்பலுக்குப் போயிட்டாராம். கரைக்கு வந்தப்ப வாய் போயிருச்சு. நிஜமா ஆசானே?"

"அவனுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"உங்களுக்கு?"

"எனக்கும் இருக்கு" என்றார் லாசர். "கூடாதுன்னதும் காதுல விழுந்துச்சு, அப்புறம் தாரேன்னதும் விழுந்துச்சு. நான் மூத்தவன்லா. கூடாதுங்கதை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டேன்."

எழுந்து துணியைக் கொடியில் போட்டார். வாசல் உத்தரத்தில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார்.

"ஆளுக வாரதுக்குள்ள அதை அவுக்கணும். நாலஞ்சு தடவை முயற்சி பண்ணிட்டேன். முடிச்சு உப்புல இறுகிக் கெடக்கு, வரமாட்டேங்கு. உன் கை பலம்."

கஸ்பார் ஸ்டூலைப் போட்டு ஏறினான். முடிச்சின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. யாரோ கத்தியை வைத்துவிட்டு, மனசு வராமல் எடுத்திருக்கிறார்கள். நகம் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் உப்புக் கரித்தது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு முடிச்சு இளகியது. பெல்ட்டை இறக்கி ஆசானிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"உன் கையிலேயே இருக்கட்டும். உனக்குப் பெல்ட்டு உண்டு. சத்தியம் கெடையாது. இனி யாருக்கும் கெடையாது."

கேட்க வேண்டிய வார்த்தைதான். ஆனால் கஸ்பாருக்குச் சந்தோஷம் வரவில்லை. கையில் இருந்த பெல்ட் அவனைச் சும்மா இருக்க விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரை வெளிய அனுப்பினது சரியா ஆசானே?"

லாசர் பாயின் நடுவே போய் மல்லாந்து படுத்தார். வலது காலை நீட்டினார்.

"அவன் சொல்லித்தந்ததைப் பிடி."

"வேண்டாம் ஆசானே."

"பிடில. வீட்டுப் பாய்தானே, மிதிச்சா தப்பில்ல."

பெல்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கஸ்பார் உட்கார்ந்தான். ஆசானின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே வாங்கினான். பாதத்தை அக்குளில் செருகி, குதிகாலை முழங்கையின் மடிப்பில் கோர்த்தான். திருகுவது குதிகாலைத்தான், போவது முழங்கால். ஜெரோம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். வலி வருவதற்குள் ஜவ்வு அறுந்துவிடும், அதனால் இந்தப் பிடியில் எதிராளியின் கையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றும் சொல்லியிருந்தார்.

"இதே பிடிதான்" என்றார் லாசர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "இதே இடம். கிட்டங்கி நெறைய ஆளு. நான் தட்டிட்டேன்."

"நீங்களா?"

"நீ சொல்லுத கதையில அது வராது. நான் யாருக்கும் சொன்னதில்ல. அன்னைக்குப் பாத்தவங்களும் மரியாதைக்குச் சொல்லாம விட்டுட்டாங்க."

கஸ்பார் பிடியைத் தளர்த்தினான்.

"விடாத. கேளு. நான் தட்டுன உடனே விட்டுட்டான். ஜெயிச்சோம்னு ஒரு சிரிப்புகூடச் சிரிக்கல. என் முழங்காலைத் தடவிவிட்டு, வலிக்காண்ணே, வலிக்காண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அன்னைக்குச் சாயங்காலந்தான் அவன் பெல்ட்டை அவுத்து வாங்கினேன். வீட்டுச் சட்டம்னு சொன்னேன். எல்லாரும் நம்புனாங்க. நானும் நம்புனேன்னு வச்சுக்கயேன்."

கஸ்பார் பிடியை மறுபடி சரியாகக் கோர்த்தான்.

"இறுக்கு" என்றார்.

கஸ்பார் இறுக்கினான்.

"இன்னும்."

இன்னும் கொஞ்சம் திருகினான். முழங்காலுக்குள் ஏதோ நெறிபட்டது அவன் நெஞ்சுக்குத் தெரிந்தது. ஆசானின் கைகளைப் பார்த்தான். இரண்டும் பாயில் விரித்து வைத்தபடி இருந்தன. அசையவில்லை. முகத்தில் வேர்வை பூத்தது. உதட்டைக் கடித்திருந்தார். ஒரு விரல்கூடத் தூக்கவில்லை.

"தட்டுங்க ஆசானே."

அவர் தட்டவில்லை.

"ஆசானே, தட்டுங்க."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மயிரிழை திருகினால் ஆயுசுக்கும் நொண்டிதான். கஸ்பார் கையை உதறினான். காலைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தான்.

லாசர் மெள்ள எழுந்து உட்கார்ந்தார். முழங்காலை நீவிக்கொண்டார். சுவரில் பெரியவர் இஞ்ஞாசி படம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தட்டல?" என்றான் கஸ்பார்.

"நீ ஏன் விட்ட?"

"கால் போயிரும்லா. கண்ணுக்கு முன்னால தெரியுது. எப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியும்?"

வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. அடுத்த பூசை முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ வாசலில், உத்தரத்தில் பெல்ட் இல்லாததைக் கண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

லாசர் கையை நீட்டி, ஓரத்தில் கிடந்த தம்பியின் பெல்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பாவை அன்னைக்கு எப்படிக் கட்டிப் பிடிச்சிருந்தேன்னு உனக்குத் தெரியுமாடே? நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுதியே. இறுக்கி. அவரால அசைய முடியாது. ஜெரோமை அனுப்பிட்டேன்னு காதுக்குள்ள சொன்னேன்."

"அதுக்குத்தானே ஆசானே அவரு உங்க முதுகுல..."

கஸ்பார் பாதியில் நிறுத்திவிட்டான்.

"நான் தட்டினேன், ஜெரோம் விட்டான்" என்றார் லாசர். "நான் தட்டாமலே நீ விட்டுட்ட. எங்கப்பா தூங்குத வரைக்கும் தட்டினாரு கஸ்பாரு. நான்தான் விடல."